போர் விளையாட்டில் முன்கையும் வேகமும்: ஜெயித்தவருக்கு +1 கொடுத்தால் ஆட்டம் ஏன் சீக்கிரமே முடிந்துபோகிறது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1801-இல் சிவகங்கை மருது சகோதரர்களின் படைக்கும் ஆங்கிலேயக் கம்பெனிப் படைக்கும் இடையே, சிறுவயலுக்கும் காளையார்கோவிலுக்கும் நடுவே நடந்த காட்டுச் சண்டையை வைத்து நண்பர்களோடு ஒரு போர் விளையாட்டு அமைத்திருக்கிறீர்கள். காரைக்குடியில் வீட்டுப் பட்டாலைத் தரையில், 8 அங்குல ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றையும் ஒரு கட்டமாக வைத்து ஆடுகிறீர்கள். பக்கத்துக்கு 12 குழு. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் பகடை உருட்டி, அதிகம் விழுந்தவர் முதலில் ஆடுகிறார். தாக்கும் குழுவுக்கு 5 அல்லது 6 விழுந்தால் எதிரியில் ஒரு குழு காலி. ஒரு சுற்றில் அதிகம் வீழ்த்திய பக்கத்துக்கு அடுத்த சுற்றில் தாக்குதல் பகடைக்கு ‘வேகம்’ என்று +1. இதில் மூன்றாவது சுற்றிலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடுகிறது. அந்த +1-ஐ எடுத்துவிட்டால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது. எவ்வளவு கொடுத்தால் சரியாக இருக்கும் என்று கேட்கிறீர்கள்.

எவ்வளவு கொடுத்தாலும் சரியாக வராது என்பதுதான் என் பதில். அந்த வேகத்தை வைத்திருக்கும் இடம் தப்பு. அதைத் தாக்குதல் பகடையிலிருந்து எடுத்து, முறை யார் கையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதற்குள் வைக்க வேண்டும். அங்கே வைத்தாலும் அது தானாகத் தேய்ந்துபோக ஒரு வழி இருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்குள் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலில் ஆடுவது யார் என்பது ஒன்று. முறை கைமாறுவதற்குள் ஒருவர் எத்தனை செயல் செய்யலாம் என்பது இரண்டாவது. யார் காரியம் செய்கிறார், யார் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்பது மூன்றாவது. படைத்தலைவர்கள் முன்கை (initiative) என்று சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான். ஆடுபுலி ஆட்டத்தில் பாருங்கள். 3 புலி, 15 ஆடு, ஆளுக்கொரு நகர்த்தல், பகடையே கிடையாது. ஆனாலும் ஒரு புலி இரண்டு ஆடுகளை ஒரே நேரத்தில் வெட்டும் இடத்துக்கு வந்துவிட்டால், ஆட்டுக்காரர் அடுத்து செய்வதெல்லாம் காப்பாற்றும் வேலைதான். முறை மாறி மாறி வந்தாலும் முன்கை புலியிடம் இருக்கிறது. எந்த எண்ணும் கூட்டாமல் அந்த அழுத்தம் கிடைக்கிறது. உங்கள் ஆட்டத்திலும் கிடைக்க வேண்டியது அதுதான்.

இப்போது கணக்கு. இது சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி. 12-க்கு 12, மூன்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு, +1 எதுவும் இல்லாமல் சராசரி போட்டுப் பாருங்கள். முதலில் ஆடுபவர் 4 பேரை வீழ்த்துகிறார், எதிரி 8. அந்த 8 பேர் திருப்பி அடித்தால் 2.7 போகும், இவரிடம் 9.3. இவருடைய இரண்டாவது அடியில் எதிரி 4.9-க்கு வருகிறார், மூன்றாவதில் 2.3-க்கு, நான்காவதில் ஒன்றும் மிச்சமில்லை. முதலில் ஆடியவரிடம் ஏறக்குறைய 7 குழு நிற்கிறது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தும், முதல் அடி என்ற ஒரே காரணத்தால் ஒருவர் பாதிக்கு மேல் படையோடு ஜெயிக்கிறார். இதோடு உங்கள் +1-ஐச் சேர்த்தால் அவருடைய இரண்டாவது அடியிலிருந்து வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகிறது. மூன்றாவது அடியிலேயே எதிரி தீர்ந்துபோகிறார், இவரிடம் 8 மிஞ்சுகிறது. நீங்கள் பட்டாலையில் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

காரணம் எளிது. ஆள் குறைந்தால் அடியும் குறைகிறது, அடி குறைந்தால் இன்னும் வேகமாக ஆள் குறைகிறது. 1916-இல் ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் இதைச் சமன்பாடாக எழுதினார். ஒரே தரமுள்ள படைகள் 10-க்கு 8 என்று நேருக்கு நேர் சுட்டுக்கொண்டால் 10 பேர் பக்கத்தில் மிஞ்சுவது 2 இல்லை, 6. 100-இலிருந்து 64-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதாவது குழுக்களை மேசையிலிருந்து எடுத்துவிடும் எந்த விளையாட்டிலும் வேகம் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. அதன்மேல் ஒரு +1 வைப்பது ஒரே பாக்கியை இரண்டு தடவை வசூலிப்பது போல.

சுற்றுக்குச் சுற்று பகடை உருட்டி முதல் ஆளைத் தீர்மானிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தச் சுற்றில் இரண்டாவதாக ஆடியவர் அடுத்த சுற்றில் முதலாவதாக வந்தால் அவருக்குத் தொடர்ந்து இரண்டு முறை கிடைக்கிறது. சமன் விழுந்தால் மறுபடி உருட்டுவது என்றால் இதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. 12 குழு தொடர்ந்து இரண்டு தடவை தாக்கினால் எதிரி 12-இலிருந்து 4-க்கு வந்துவிடுகிறார். இதைத் திறமை என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வாய்ப்பை மூன்றில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்றாகக் குறைத்தால் முதல் அடியின் லாபம் 7-இலிருந்து 5 குழுவாகக் குறையும், ஆனால் ஆட்டம் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டில் இந்தச் சிக்கலே இல்லை. ஒரு முறை என்பது 2 நிமிடம், இரு பக்கமும் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்க, நடுவர் இரண்டையும் ஒன்றாக நகர்த்துவார். விவரம் தெரிந்த ஒரு நடுவர் முழு நேரமும் உட்காரத் தயார் என்றால் அதைவிட நேர்மையான முறை கிடையாது. இருவர் மட்டும் ஆடும்போது அது நடக்காது.

அடிப்படையில் மாற்ற வேண்டியது அடியின் விளைவை. அடி விழுந்ததும் குழுவை எடுக்காதீர்கள். 12 குழுவை நான்கு தலைவர்களுக்கு மூன்று மூன்றாகப் பிரியுங்கள். ஒரு தலைவரும் மூன்று குழுவும் ஓர் அணி. ஒரு செயலில் ஓர் அணி நகரலாம், தாக்கலாம் அல்லது தன்னைச் சீர் செய்துகொள்ளலாம். தாக்கும்போது குழுவுக்கு ஒரு பகடை, 5 அல்லது 6 விழுந்தால் எதிரணிமேல் ஒரு கலக்கம் வையுங்கள். மூன்று பகடைக்குச் சராசரி ஒரு கலக்கம் விழும். 27-இல் 8 தடவை ஒன்றுமே விழாது. ஒரு கலக்கம் உள்ள அணி தாக்கும்போது 6 மட்டுமே அடி. இரண்டு இருந்தால் தாக்க முடியாது, பின்வாங்கலாம் அல்லது சீர் செய்யலாம். மூன்றாவது விழுந்தால் அணி உடைகிறது: ஒரு குழு போய்விடும், மிச்சம் இரண்டு கல் பின்னால் ஓடும், இரண்டு கலக்கம் அதன்மேலேயே இருக்கும். சீர் செய்யும் செயலுக்கு ஒரு கலக்கம் நீங்கும், அதற்குப் பகடை வேண்டாம்.

இதில் வேகம் எங்கே என்று கேட்பீர்கள். அடிபட்டவர் தன் செயல்களைச் சீர் செய்வதில் செலவழிக்கிறார், அடித்தவர் தான் நினைத்த காரியத்தில் செலவழிக்கிறார். புலிக்கும் ஆட்டுக்கும் நடுவே இருந்த அதே உறவு. அடிபட்டவர் ஆள் இழக்கவில்லை என்பதால், ஒரு நல்ல முறை கிடைத்தால் இரண்டு கலக்கத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பி வரலாம். போல்ட் ஆக்ஷன் விளையாட்டில் ஒவ்வொரு அழுத்தக் குறியும் உத்தரவு ஏற்கும் வாய்ப்பை ஒன்று குறைப்பதும் இதே எண்ணத்தில்தான். போர் பற்றி எழுதிய பிரெஞ்சு அதிகாரி அர்தாந் து பிக், பழங்காலச் சண்டைகளில் பெருஞ்சாவு நேருக்கு நேர் நிற்கும்போது விழவில்லை, ஒரு பக்கம் முதுகைக் காட்டிய பிறகுதான் விழுந்தது என்று வாதிட்டார். அணி உடையும்போது மட்டும் குழு போவதற்கு அது ஒரு நல்ல ஆதாரம்.

அடுத்தது முறை கைமாறுவது. இதற்கு வெளியே எங்கும் தேட வேண்டாம், உங்கள் வீட்டு அலமாரியிலேயே தாயக்கட்டை இருக்கும். நான்கு பக்கம், 0, 1, 2, 3 புள்ளி, இரண்டு கட்டை. தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் என்பது நம் எல்லோருக்கும் பழக்கமான விதி. 16 சாத்தியங்களில் தாயம் 2, அஞ்சு 2, ஆறு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு 1. ஆக 16-இல் 6, அதாவது 37.5 சதவீதம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முறை உள்ளவர் ஒரு செயல் செய்கிறார், பிறகு கட்டையைப் போடுகிறார். மறுபடி போடும் எண் விழுந்தால் இன்னொரு செயல். இல்லாவிட்டால் முன்கை, அதாவது ஆடும் முறை, எதிராளிக்கு. சுற்று என்பதே கிடையாது. சராசரி ஒரு முறைக்கு 1.6 செயல். மூன்று அல்லது அதற்கு மேல் கிடைப்பது 14 சதவீதம், நான்கு அல்லது அதற்கு மேல் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கூட. எப்போதாவது ஒரு பெரிய பாய்ச்சல் நடக்கும், ஆனால் அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது. சண்டையில் எதிர்பார்ப்பதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

ஆனால் வெறும் அதிர்ஷ்டம் போதாது, சாதித்தது தொடர வேண்டும். அதற்கு வேகக் காசு. எதிரணி ஒன்றை உடைத்தால் ஒரு காசு. கட்டை கைவிட்டபோது ஒரு காசைக் கொடுத்து முன்கையை வைத்துக்கொள்ளலாம். அல்லது உடைந்து ஓடும் அணியை அடுத்திருந்தால் ஒரு காசு கொடுத்துத் துரத்தி இன்னொரு குழுவை எடுக்கலாம். இரண்டில் ஒன்றுதான். இந்தத் தேர்வுதான் ஆட்டக்காரர்களை யோசிக்க வைக்கும், இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இளக்காதீர்கள். காசைக் கொடுத்துத் தாக்குதல் பகடைக்குக் கூட்டல் வாங்க முடியாது என்பதையும் விதித்தாளில் முதல் வரியாக எழுதிவையுங்கள். யாராவது கேட்பார்கள்.

எத்தனை காசு வரை வைக்கலாம்? முன்கையைக் காக்கும் ஒவ்வொரு காசும் சராசரி இன்னொரு 1.6 செயலைத் தருகிறது. இரண்டு காசு என்றால் மொத்தம் 4.8 செயல், நான்கு அணியும் ஒரு தடவை அசைந்து கொஞ்சம் மிஞ்சும். மூன்று என்றால் 6.4. அப்போது எதிராளி எழுந்து காப்பி குடித்துவிட்டு வரலாம். அதனால் 2-க்கு மேல் யாரிடமும் இருக்கக் கூடாது. முன்கை எதிராளிக்குப் போகும்போது கையில் காசு இருந்தால் ஒன்றைக் கீழே வைத்துவிட வேண்டும். இந்தத் தேய்மானம் இல்லாவிட்டால் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசியில் ஒரேயடியாகக் கொட்டுவார்கள், நடுவில் ஆட்டம் தூங்கும்.

இன்னொரு பக்கமும் அடைக்க வேண்டும். ஒரே முறையில் அதே அணி இரண்டாவது தடவை செயல்பட்டால் அதன்மேல் ஒரு கலக்கம், மூன்றாவது தடவை இன்னொன்று. எதிரி கைவைக்காமலேயே அந்த அணி தன் ஓட்டத்தால் தளர்ந்துபோகிறது. தாக்குதல் முன்னேற முன்னேறத் தன் பலத்தையே தின்று ஒரு புள்ளியில் உச்சம் தாண்டிவிடும் என்று பிரஷ்யப் போர்ச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸ் சொன்னதற்கு இதைவிட மலிவான விதி எனக்குத் தெரியாது. களைப்புக்கு என்று தனிக் குறி வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். தரையில் மூன்றாவது வகைக் குறி வந்த நாளிலிருந்து எது எந்த அணியுடையது என்று சண்டை ஆரம்பிக்கும்.

எதிராளி சும்மா உட்கார்ந்திருப்பது இந்த வகை விளையாட்டுகளின் பெரிய குறை. பல்லாங்குழியிலும் அது உண்டு, அடுத்த குழியில் காய் இருக்கும்வரை எடுத்துப் போட்டுக்கொண்டே போவார், மற்றவர் எண்ணிக்கொண்டிருப்பார். போரில் அதை விட முடியாது. 1996-இல் வந்த கிராஸ்ஃபயர் என்ற போர் விளையாட்டு இதைத் தீர்த்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும்: எதிராளி தன் கண்ணில் படும் நகர்வைச் சுடலாம், அந்தச் சூடு பலித்தால் முன்கையே கைமாறும். உங்கள் அளவுக்கு இப்படி வையுங்கள். கலக்கம் 0 அல்லது 1 உள்ள அணியின் இரண்டு கல் எல்லைக்குள், கண்ணில் படும்படி எதிரி நகர்ந்தால் அது ஒரு தடவை எதிர்த்துச் சுடலாம். அடுத்து தன் பக்கத்துக்கு முன்கை வரும்வரை இன்னொரு தடவை முடியாது. இரண்டு அடி விழுந்தால் முன்கை உடனே மாறும், காசு கொடுத்தும் தடுக்க முடியாது. கலக்கமில்லாத அணிக்கு இது 27-இல் 7, அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. அவ்வளவு போதும், நகர்பவர் ஒவ்வொரு கல்லிலும் மறைவு தேடுவார். ஒரு கல்லை 50 கெஜம் என்று வைத்தால் இந்த இரண்டு கல் எல்லை அக்காலத் துப்பாக்கிக்குப் பொருந்தும். 100 கெஜத்துக்கு அப்பால் அதன் குறி நிற்காது.

இனி இரண்டு படையின் வேறுபாடு. இதுதான் உங்கள் ஆட்டத்தைப் பொதுவான காட்டுச் சண்டையிலிருந்து பிரித்து 1801 ஆக்கும். அக்னியூ தலைமையிலான கம்பெனிப் படை சிறுவயலைப் பிடித்த பிறகு, அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஆகஸ்டு மாதம் முழுக்க முயன்று, முடியாமல் திரும்பியது. காளையார்கோவில் விழுந்தது அக்டோபர் 1-இல். அந்தப் படையோடு இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். கட்டுக்கோப்பான படை வெட்டவெளியில் நிதானமாகச் செயல்படும், காட்டில் அதே கட்டுக்கோப்பு சுமையாகிவிடும். இதைப் பலம், பலவீனம் என்று பகடையில் கூட்டிக் கழிக்காமல் முறையிலேயே காட்டலாம். கம்பெனிப் பக்கம் தாயக்கட்டை போட வேண்டாம். அவர்களுக்கு வெட்டவெளியில் முறைக்கு நிச்சயமாக 2 செயல், முறை தொடங்கும்போது பாதிக்கு மேல் அணிகள் காட்டுக் கல்லில் நின்றால் 1 செயல். ஒரு காசுக்கு ஒரு செயல் மட்டும் கூடும்.

சிவகங்கைப் பக்கம் கட்டை போடட்டும். வெட்டவெளியில் சராசரி 1.6. காட்டில் நிற்கும் அணி செயல்பட்டால் நாலு விழுந்தாலும் மறுபடி என்று சேருங்கள். நாலுக்கு 3 சாத்தியம், ஆக 16-இல் 9. ஒவ்வொரு செயலும் காட்டிலேயே நடந்தால் சராசரி ஏறக்குறைய 2.3 ஆகிறது. வெளியில் கம்பெனியின் 2-க்கு எதிராகச் சிவகங்கைக்கு 1.6, காட்டில் 1-க்கு எதிராக 2.3. கம்பெனிக்காரர் திறந்த இடத்தைத் தேடி நகர்வார், காட்டை வெட்ட ஒரு கல்லுக்கு இரண்டு செயல் என்று வைத்தால் அதற்குச் செலவழிப்பார், அந்த நேரத்தில் முன்கை போய்விடும். ஒரு மாதம் அந்தப் பாதை ஏன் நகரவில்லை என்பது தரையிலேயே தெரியும். ஒரே ஆபத்து, காட்டில் நாலு விதியும் இரண்டு காசும் சேர்ந்தால் சராசரி 6.9 செயல் வரை போகும். அதனால் காட்டில் ஒரு முறைக்கு ஒரு காசுதான் செலவழிக்கலாம் என்று கட்டுப்படுத்துங்கள், 4.6-இல் நிற்கும்.

சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், விதி சரியாக இருந்தும் பல ஆட்டங்கள் இதில்தான் கெடுகின்றன. பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லில் புளியங்கொட்டையும் மஞ்சாடியும் வைத்தால் சிவப்பிலும் பழுப்பிலும் கலந்து கண்ணுக்கே தெரியாது. கலக்கத்துக்கு வெள்ளைச் சோழி, வேகத்துக்குக் காசு என்று பிரித்தால் நின்றபடியே தெரியும். சோழியைத் தலைவர் பொம்மைக்கு ஒட்டியே வையுங்கள், குழுக்களின் பக்கத்தில் வேண்டாம். காசை ஆட்டக்காரர் முன்னால் வைக்க வேண்டும், களத்தில் இல்லை. பித்தளைக் கட்டை உருண்டு வந்தால் வரிசையாக நிற்கும் பொம்மைகளைச் சாய்த்துவிடும், ஓரத்தில் ஒரு பாய்த்துண்டு போட்டு அதில் மட்டும் போடச் சொல்லுங்கள். பாட்டி காலத்துக் கட்டையாக இருந்தால் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து 160 தடவை போட்டு எண்ணுங்கள். மறுபடி போடும் எண் 60 தடவை அளவில் வர வேண்டும். 48-க்குக் கீழே அல்லது 72-க்கு மேலே போனால் அந்தக் கட்டையை ஒதுக்கிவிடுங்கள். எந்தெந்த எண்ணுக்கு மறுபடி என்பது வீட்டுக்கு வீடு மாறும், அதையும் எழுதிவைக்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

எதை நான் உறுதியாகச் சொல்கிறேன், எதை இல்லை என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் அடியின் லாபம், ஆள் குறைவு தன்னைத்தானே பெருக்கிக்கொள்வது, கட்டையின் சாத்தியங்கள் ஆகியவை கணக்கு, யார் போட்டாலும் அதே விடைதான். தொடர்ந்து ஜெயிப்பதால் மட்டுமே மனிதர்கள் இன்னும் நன்றாகச் சண்டை போடுகிறார்களா என்பது அப்படி இல்லை. கூடைப்பந்து வீரர்களின் ‘கை சூடு’ (தொடர்ந்து பந்தைப் போட்டவர் அடுத்ததையும் போடுவார் என்ற எண்ணம்) வெறும் தோற்றம் என்று 1985-இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் முடிவு சொன்னார்கள். அவர்கள் கணக்கிட்ட முறையிலேயே ஒரு சாய்வு இருக்கிறது என்று 2018-இல் மில்லரும் சஞ்சூர்ஹோவும் காட்டினார்கள். விவாதம் இன்னும் ஓடுகிறது, கூடைப்பந்திலிருந்து போருக்குத் தாவுவதும் சுலபமில்லை. நான் மன உற்சாகத்துக்கு எந்த விதியும் எழுதாததற்குக் காரணம் இதுதான். எதிரி குலைந்திருக்கிறான், அவன் சீராவதற்குள் நீங்கள் செயல்படுகிறீர்கள் என்பது மட்டும் போதும், வேகம் என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடுகிறது என்பது என் கருத்து. வேறு வடிவமைப்பாளர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எக்ஸால்டட் என்ற பாத்திரமேற்கும் விளையாட்டின் மூன்றாம் பதிப்பு இதற்கு நேர் எதிரான பாதையில் போகிறது. அங்கே முன்கையே ஓர் எண். ஒருவகை அடியால் எதிரியின் எண்ணைப் பிடுங்கித் தன் கணக்கில் சேர்க்கலாம், இன்னொரு வகை அடியில் சேர்த்ததை எல்லாம் வைத்து உடலில் காயம் போடலாம், போட்டவுடன் எண் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். இருவர் மோதும் சண்டைக்கு அது அருமையாகப் பொருந்தும். பின்னால் இரண்டு தலைவர்கள் நேருக்கு நேர் சிலம்பமோ வாளோ எடுக்கும் காட்சி சேர்க்க நினைத்தால் அங்கிருந்து எடுங்கள். 12 குழுவுக்கு அது வேண்டாம், எண்ணை எழுதிக்கொண்டிருப்பதிலேயே மாலை போய்விடும்.

சீர் செய்வது பற்றி ஒரு தயக்கம் எனக்கு இருக்கிறது. சீர் செய்த பிறகும் கட்டை போடலாம் என்று மேலே வைத்திருக்கிறேன். சீர் செய்தால் முன்கை உடனே போய்விடும் என்று வைத்தால் அழுத்தம் இன்னும் நன்றாகத் தெரியும், ஆனால் அடிபட்டவர் மீளவே முடியாமல் போகலாம். இளகிய விதியில் ஆரம்பித்து, தோற்பவர் சுலபமாகத் தப்பித்துக்கொண்டே இருந்தால் மட்டும் இறுக்குங்கள். ஆட்டம் முடிவது எப்போது என்பதையும் சுற்று எண்ணிக்கையில் வைக்க முடியாது, சுற்றே இல்லையே. ஒரு பக்கம் 6 குழு இழந்தால் முடிவு. அதோடு முன்கை ஒவ்வொரு தடவை கைமாறும்போதும் ஒரு பாத்திரத்தில் ஒரு சோழி போடுங்கள். 20 சேர்ந்த பிறகு ஒவ்வொரு கைமாறலுக்கும் ஓர் ஆறுமுகப் பகடை, 6 விழுந்தால் பொழுது சாய்ந்தது. கடைசி முறை எது என்று தெரிந்தால் களைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லா அணியையும் ஓட்டுவார்கள், தெரியாததால் ஓட்ட மாட்டார்கள்.

சோதிக்கும்போது ஒரு தாளில் நான்கு விவரம் மட்டும் எழுதுங்கள். பத்தாவது கைமாறலில் யார் அதிகக் குழு வைத்திருந்தார், கடைசியில் யார் ஜெயித்தார், நீளமான ஒரே முறையில் எத்தனை செயல் நடந்தது, செலவழித்த காசில் எத்தனை முன்கைக்கும் எத்தனை துரத்தலுக்கும் போயின. பத்தாவது கைமாறலில் முன்னால் இருந்தவரே ஏறக்குறைய எப்போதும் ஜெயித்தால் காசின் உச்சத்தை 1 ஆக்குங்கள். அதற்கும் ஜெயிப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்றால் உடையும் அணி இழப்பது ஒன்றுக்குப் பதில் இரண்டு குழு. காசு எல்லாம் ஒரே வழியில் போனால் மற்ற வழியின் பலன் போதவில்லை என்று அர்த்தம். பத்து ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், அதில் 7-க்கும் 5-க்கும் வித்தியாசமே சொல்ல முடியாது. முப்பது வேண்டும். அவ்வளவு ஆட நேரமில்லை என்றால் பொம்மையும் தரையும் இல்லாமல், நான்கு அணிக்கு நான்கு என்று கட்டையும் பகடையும் மட்டும் வைத்து இருவர் உருட்டிப் பார்க்கலாம். இடம், மறைவு இரண்டும் அதில் தெரியாது, ஆனால் காசின் உச்சம் சரிதானா என்பது தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள்.